கணிப்பொறியும் படியளப்பும்

பத்தாம் வகுப்பு மாணவி, கணியம்பாடி

முன்னுரை

“விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்பது நம் பெரியோர் வாக்கு. வரவறிந்து செலவு செய்பவரை உலகம் போற்றுகிறது. அளவு மீறுபவரை ஏசுகிறது. ஆனால் ஒருவருக்கு அவருடைய வரவு எவ்வளவு என்று யாருமே சொல்லவில்லை என்றால்? போதாக்குறைக்கு ஊராருடைய பணம் முழுவதையும் காட்டி, ‘இதுதான் உன் இருப்பு’ என்று நம்ப வைத்துவிட்டால்? அவர் செய்யும் செலவுக்கு அவரைக் குறை கூறுவது நியாயமாகுமா?

இப்படியொரு விந்தையான நிலை கணிப்பொறிக்குள் பல ஆண்டுகள் இருந்து வந்தது. ஓரளவு இன்றும் இருக்கிறது. அளவு விதித்தார்கள், ஆனால் விதிக்கப்பட்டவருக்கு அதைக் காட்ட மறந்தார்கள். அதனால் நேர்ந்த துன்பம் என்ன, அதைத் தீர்க்க அறிஞர்கள் என்ன செய்தார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம். கணிப்பொறி படித்தவர்களுக்கு மட்டுமே இது புரியும் என்று அஞ்ச வேண்டாம், தோழியரே! நியாயவிலைக் கடைக்குப் போய் வந்த அனைவருக்கும் இது விளங்கும்.

நினைவகம் என்பது யாது?

நாம் படிக்கும்போது புத்தகங்கள் அனைத்தும் அலமாரியில் இருக்கின்றன. அப்போதைக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்து மேசைமேல் விரித்து வைத்துக்கொள்கிறோம். கணிப்பொறியில் அலமாரி போன்றது வட்டு. மேசை போன்றது நினைவகம். ஒரு நிரல் ஓடும்போது அதற்கு மேசையில் இடம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் ‘செயல்முறை’ என்பர். பல செயல்முறைகள் ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்கின்றன. யாருக்கு எவ்வளவு இடம் என்று பார்த்துக் கொடுப்பது இயக்கமுறையின் வேலை. அந்த இயக்கமுறையின் நடுப்பகுதிக்குக் ‘கெர்னல்’ என்று பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது இச்சொல்லின் பொருள்.

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் கெர்னலே இன்று உலகின் பெரும்பாலான சேவைக் கணிப்பொறிகளில் ஓடுகிறது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய இயக்கமுறையும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதே. ஆகவே இது நமக்கு அந்நியமான பொருள் அன்று.

கலன் வந்த கதை

வேலூர் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெரிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்து செல்லும் லாரிகளைக் கண்டிருப்பீர்கள். கன்டெய்னர் எனப்படும் அந்தப் பெட்டிக்குள் துணி இருக்கலாம், தோல் இருக்கலாம், இயந்திரம் இருக்கலாம். கப்பலுக்கும் லாரிக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும்.

கணிப்பொறி நிரல்களையும் இவ்வாறே பெட்டிக்குள் அடைத்து எந்தக் கணிப்பொறியிலும் இறக்கி ஓட்டலாம் என்று கண்டார்கள். இதற்கும் கன்டெய்னர் என்றே பெயரிட்டனர். நாம் ‘கலன்’ என்று சொல்வோம். 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘டாக்கர்’ என்னும் கருவி இம்முறையை உலகெங்கும் பரப்பியது. 2014இல் கூகுள் நிறுவனம் அறிமுகம் செய்த ‘குபெர்னெட்டிஸ்’, ஆயிரக்கணக்கான கலன்களைப் பல கணிப்பொறிகளில் பிரித்து ஓட்ட வழி செய்தது.

கலனுக்குள் இருக்கும் செயல்முறைக்குத் தனி வீட்டில் இருப்பதாகவே தோன்றும். தன் கோப்புகள் மட்டுமே தெரியும். பக்கத்துக் கலனில் ஓடுபவர்கள் தெரியமாட்டார்கள். ஆனால் உண்மையில் எல்லாக் கலன்களுக்கும் கெர்னல் ஒன்றுதான், நினைவகமும் ஒன்றுதான். அறைகள் பல, அடுப்பங்கரை ஒன்று எனலாம்.

படியளந்தவர்கள்

அடுப்பங்கரை ஒன்று என்றால், ஒருவரே எல்லாச் சோற்றையும் உண்டுவிடாதபடி பார்க்க வேண்டும் அல்லவா? 2006ஆம் ஆண்டு கூகுள் நிறுவனப் பொறியாளர்களான பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகியோர் செயல்முறைகளைக் குழுக்களாகப் பிரித்து அளவு விதிக்கும் முறையைத் தொடங்கினர். ‘கன்ட்ரோல் குரூப்’, சுருக்கமாக ‘சிகுரூப்’ என்ற பெயரில் அது 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24ஆம் பதிப்பில் சேர்ந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 2.6.25ஆம் பதிப்பில் நினைவகத்துக்கு அளவு விதிக்கும் பகுதி இணைந்தது. இதை ஆக்கியதில் முதன்மையானவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் பல்பீர் சிங். அவரும் வைத்தியநாதன் சீனிவாசனும் சேர்ந்து, இப்பணியில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றி 2007இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டுக்குக் கட்டுரை எழுதினர். உலகம் முழுவதும் இன்று பயன்படும் இந்தப் படியளப்பில் நம் நாட்டுப் பெயர்களும் கலந்திருப்பது நமக்குப் பெருமையாகும்.

இம்முறைப்படி ‘இந்தக் கலனுக்கு 2 கிகாபைட்’ என்று எழுதி வைத்தால் கெர்னல் அதைக் கண்டிப்புடன் காக்கும். அளவு நிரம்பினால் முதலில், அந்தக் கலன் சேர்த்து வைத்துள்ளவற்றில் திரும்ப எடுக்கக் கூடியதை எடுத்துப் பார்க்கும். அதிலும் இடம் கிடைக்காவிட்டால் அந்தக் கலனுக்குள் ஓடும் ஒரு செயல்முறையைக் கொன்றுவிடும். இதற்கு அனுப்பப்படும் ஆணையின் எண் 9. இந்த ஆணையைப் பெற்ற செயல்முறையால் மறுக்க முடியாது; எழுதிக்கொண்டிருந்ததைச் சேமித்து வைக்கவும் நேரம் கிடைக்காது. பின்னர் வந்து பார்ப்பவருக்கு 137 என்ற எண் மட்டும் கிடைக்கும். 128உடன் 9ஐக் கூட்டினால் 137.

சாக்கு மூட்டையும் குடும்ப அட்டையும்

இனிச் சிக்கலுக்கு வருவோம். அளவு விதித்தாயிற்று. ஆனால் கலனுக்குள் இருக்கும் செயல்முறை ‘எனக்கு எவ்வளவு நினைவகம் உண்டு?’ என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

லினக்ஸில் ‘ப்ராக்’ என்றொரு கோப்பகம் உண்டு. அதில் ‘மெம்இன்ஃபோ’ என்னும் கோப்பைத் திறந்தால் மொத்த நினைவகம் எவ்வளவு, காலியாக உள்ளது எவ்வளவு என்பன வரிசையாகத் தெரியும். கலன்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே எத்தனையோ நிரல்கள் இந்தக் கோப்பை நம்பி எழுதப்பட்டவை. இக்கோப்பைக் கலனுக்குள்ளிருந்து படித்தாலும் அது கலனுடைய அளவைக் காட்டுவதில்லை. முழுக் கணிப்பொறியின் அளவையே காட்டுகிறது. கலனுக்கு 2 கிகாபைட் என்று விதித்திருந்தாலும், கணிப்பொறியில் 64 கிகாபைட் இருந்தால் 64 என்றே விடை வரும்.

இதை நம் ஊர் நியாயவிலைக் கடையில் வைத்துப் பாருங்கள். ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி என்று கொள்வோம். கடைக்குள் நூறு மூட்டை அரிசி அடுக்கியிருக்கிறது. அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல், கடையின் சன்னல் வழியே மூட்டைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்த ஒருவர், ‘அரிசிக்கு என்ன குறை!’ என்று ஊரையே விருந்துக்கு அழைத்தால் என்னவாகும்? இலை போட்டு விருந்தினர் அமர்ந்த பிறகுதான் 20 கிலோவுக்கு மேல் இல்லை என்பது தெரியவரும். மெம்இன்ஃபோ சன்னல் வழியே தெரியும் மூட்டை. சிகுரூப் அளவு அட்டையில் எழுதிய எண்.

ஜாவா பட்ட பாடு

இது வெறும் கற்பனை அன்று. 1995இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவா மொழி வங்கி, வணிகம், அலுவலகம் என எங்கும் பரவிய மொழியாகும். ஜாவா நிரலை ஓட்டும் பொறிக்கு நல்ல குணம் ஒன்று உண்டு. நிரல் பயன்படுத்தி முடித்துவிட்ட பொருள்களை அதுவே தேடிக் கண்டுபிடித்து இடத்தைக் காலி செய்யும். இதனைக் குப்பை கூட்டுதல் என்றே சொல்வர். வீட்டில் இடம் தாராளமாக இருந்தால் நிதானமாகக் கூட்டலாம். சிறிய அறையாக இருந்தால் அடிக்கடி கூட்ட வேண்டும். ஜாவாவும் அப்படியே செய்யும்.

யாரும் அளவு சொல்லாவிட்டால், கணிப்பொறியின் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கு வரை தான் வளரலாம் என்று ஜாவா கணக்கிட்டுக்கொள்ளும். 64 கிகாபைட் கணிப்பொறியில் 16 கிகாபைட். அதனால் 2 கிகாபைட் கலனுக்குள் இருந்துகொண்டு, ‘16 வரை இடமிருக்கிறது, பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்று குப்பையைச் சேர விட்டது. 2 கிகாபைட்டைத் தொட்டதும் கெர்னலின் ஆணை வந்தது. 137 என்ற எண் மட்டும் மிஞ்சியது.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஜாவாவுக்கு அடங்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அளவு 2 என்று தெரிந்திருந்தால் முன்கூட்டியே பெருக்கித் துடைத்து அதற்குள் வாழ்ந்திருக்கும். அது அடங்காமல் போனதற்குக் காரணம் அறியாமை. அந்த அறியாமைக்குக் காரணம், கேட்டபோது கிடைத்த தவறான விடை. தேர்வு முடிவு வெளியாகும் காலை வேளையில் இலட்சக்கணக்கான மாணவர் ஒரே நேரத்தில் ஒரு சேவையை நாடும்போது இப்படி ஒரு செயல்முறை மாண்டால், காத்திருக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வெற்றுத் திரைதான் தெரியும். ஆகவே இது பொறியாளர்களின் உள்வீட்டுச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது.

முன்னோர் முறை

கணிப்பொறி உலகம் இதைத் தொடக்கத்திலிருந்தே அறியாதிருந்தது என்று எண்ண வேண்டாம். 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. அந்தக் காலத்து ஐ.பி.எம். பொறிகளில் ஒரு வேலையைச் செய்விக்க எண்பது பத்திகள் கொண்ட துளை அட்டைகளில் ஆணைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ‘ரீஜன்’ என்ற சொல்லுக்கு எதிரே, இவ்வேலைக்கு இவ்வளவு நினைவகம் என்று வேலை கொடுப்பவரே எழுதுவார். அளவு அவர் கைப்பட எழுதியதாகையால் அவருக்குத் தெரியாமல் போக வழியில்லை.

1983இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் ஒரு செயல்முறை தனக்கு விதிக்கப்பட்ட எல்லைகளைத் தானே கேட்டறிய ஓர் அழைப்பு இருந்தது. ஆனால் அது தனித்தனிச் செயல்முறைக்கான எல்லை. குழு முழுவதற்கும் சேர்த்து அளவு விதிக்கும் சிகுரூப் வந்தபோது, பழைய கோப்புகளின் விடை பழையபடியே இருந்துவிட்டது.

கெர்னல் ஏன் மாற்றவில்லை?

‘மெம்இன்ஃபோ கோப்பையே திருத்தி, கலனுக்குக் கலன் அதனதன் அளவைக் காட்டினால் போயிற்று’ என்று நமக்குத் தோன்றும். அது அவ்வளவு எளிதன்று. காரணங்கள் மூன்று.

முதலாவது, குழுவுக்குள் குழு உண்டு. மகனுடைய குழுவுக்கு வரம்பு எதுவும் எழுதாமல் இருக்கலாம்; ஆனால் தந்தையின் குழுவுக்கு 2 கிகாபைட் என்றிருந்தால் மகனும் அதற்குள் அடங்கியே ஆக வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அட்டை ஒன்றுதானே! மேலே உள்ள எல்லாவற்றிலும் மிகச் சிறிய எண்ணே உண்மையான எல்லை.

இரண்டாவது, எல்லை நிலையானதன்று. நிர்வாகி நினைத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டலாம், குறைக்கலாம். காலையில் படித்த எண் மாலையில் பொய்யாகலாம்.

மூன்றாவது, எல்லை என்பது உச்சவரம்பு. உறுதியளிக்கப்பட்ட பங்கு அன்று. 64 கிகாபைட் கணிப்பொறியில் 2 கிகாபைட் அளவுள்ள கலன்கள் நாற்பதையும் வைக்கலாம். கூட்டினால் 80 வரும்! எல்லாரும் ஒரே நேரத்தில் முழுப் பங்கையும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இப்படிச் செய்கிறார்கள். அப்போது ‘உனக்கு 2 இருக்கிறது’ என்று சொல்வதும் முழு உண்மையாகாது. மேலும், வட்டிலிருந்து படித்த கோப்புகளின் படிகளும் கலனின் கணக்கில் சேர்கின்றன. வேண்டும்போது அவற்றை விடுவித்துவிடலாம். எனவே ‘காலி இடம்’ என்பதற்கே பொருள் சொல்வது கடினம்.

இக்காரணங்களால் மெம்இன்ஃபோ முழுக் கணிப்பொறிக்குரிய கோப்பாகவே இருந்து வருகிறது.

தீர்வுகள்

அப்படியானால் கலனுக்கு அளவைச் சொல்வது எவ்வாறு? இதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன.

ஒன்று, நிரலே அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்வது. சிகுரூப் அளவு ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பதிப்பில் அக்கோப்பின் பெயர் ‘மெமரி.லிமிட்_இன்_பைட்ஸ்’. 2016 மார்ச்சில் லினக்ஸ் 4.5உடன் நிலைபெற்ற இரண்டாம் பதிப்பில் ‘மெமரி.மேக்ஸ்’. வரம்பு இல்லையென்றால் புதியதில் ‘மேக்ஸ்’ என்ற சொல்லே எழுதியிருக்கும். பழையதில் 9223372036854771712 என்ற மாபெரும் எண் இருக்கும்! 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10 இக்கோப்பைத் தானே படித்து அடங்கி நடக்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஜாவா 8இன் 191ஆம் திருத்தத்திலும் இவ்வசதி சேர்ந்தது. அது முதல் 2 கிகாபைட் கலனுக்குள் ஜாவா, அந்த இரண்டில் கால் பங்கான அரை கிகாபைட்டைத் தன் எல்லையாக வைத்துக்கொள்கிறது.

இரண்டு, சன்னலுக்குத் திரை போடுவது. ‘எல்.எக்ஸ்.சி.எஃப்.எஸ்.’ என்னும் சிறு கருவி, கலனுக்குள் மெம்இன்ஃபோ இருக்கும் இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. கோப்பைத் திறப்பவருக்குக் கலனுடைய அளவை வைத்துப் புதிய கணக்கு எழுதிக் காட்டுகிறது. பழைய நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் கோப்பைப் படிக்காமல் கெர்னலை நேரே அழைத்துக் கேட்கும் நிரல்களுக்கு இத்திரை மட்டும் போதாது.

மூன்று, வாசலிலேயே சொல்லி அனுப்புவது. குபெர்னெட்டிஸ் ஒரு கலனைத் தொடங்கும்போதே ‘உன் அளவு இவ்வளவு’ என்று ஒரு சூழல் மாறியில் எழுதிக் கொடுக்க முடியும். 2022 ஆகஸ்டில் வந்த ‘கோ’ மொழியின் 1.19ஆம் பதிப்பு இவ்வாறு சொல்லப்படும் அளவை ஏற்று நடக்கிறது. யாராவது மறவாமல் சொல்ல வேண்டும் என்பதே இதில் உள்ள குறை.

இவற்றோடு, இரண்டாம் பதிப்பில் ‘மெமரி.ஹை’ என்றொரு கோப்பும் உண்டு. இது கொல்லும் எல்லை அன்று, எச்சரிக்கும் எல்லை. இதைத் தாண்டினால் கெர்னல் செயல்முறையின் வேகத்தைக் குறைத்து, நினைவகத்தைத் திரும்பப் பெற முயலும். பள்ளி வாசலில் இரண்டாம் மணிக்கு முன் முதல் மணி அடிப்பது போன்றது இது.

முடிவுரை

அன்பார்ந்த தோழியரே, வணக்கத்துக்குரிய அருட்சகோதரியரே, பெற்றோரே! 2008இல் அளவு விதிக்கும் முறை வந்தது. ஜாவா அந்த அளவைத் தானாகவே கண்டறிய 2018 ஆயிற்று. இடையில் பத்து ஆண்டுகள். கட்டுப்பாட்டை எழுதுவது எளிதாக இருந்தது. அதைக் கட்டுப்படுபவருக்குத் தெரிவிப்பதே நீண்ட வேலையாயிற்று.

கணிப்பொறிக்குப் பொருந்தும் இவ்வுண்மை வீட்டுக்கும் விடுதிக்கும் வகுப்பறைக்கும் பொருந்தும். மாதச் செலவுக்கு இவ்வளவுதான் என்று பிள்ளைகளிடம் மனம்விட்டுச் சொல்லும் வீட்டில் பிள்ளைகள் பெரும்பாலும் அளவோடு நடக்கிறார்கள். வினாத்தாளின் தலைப்பிலேயே நேரத்தை அச்சிட்டிருப்பதால்தான் மூன்று மணி நேரத்துக்குள் எழுதி முடிக்கப் பழகுகிறோம். சொல்லப்படாத எல்லை, எல்லையாக இராமல் பொறியாகிவிடுகிறது. எல்லை தெரிந்தவரோ தாமே அதற்குள் ஒழுங்காக வாழ வழி காண்கிறார்.

நாளை நம்மில் சிலர் கணிப்பொறிப் பொறியாளராகலாம், சிலர் ஆசிரியராகலாம், சிலர் ஓர் அலுவலகத்தை நடத்தலாம். பிறருக்கு அளவு விதிக்கும் இடத்தில் நாம் அமரும் நாளில், அந்த அளவை அவர்கள் கண்ணில் படும்படி எழுதியும் வைப்போமாக. படியளப்பவர் படியைக் காட்டி அளப்பதே நேர்மை.